எந்த ஊர் மணிக்கு வண்டி?

தமிழ்க் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத்துக்கு ஒற்றை நேரம் போடும் வழக்கம் கிடையாது. ‘காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்றுதான் அச்சாகும். முன்னும் பின்னும் வேலி கட்டிய நேரம் அது. மாப்பிள்ளை வீட்டு வேன் நடுவழியில் பஞ்சராகி நின்றாலும், சமையல்கட்டில் கேஸ் தீர்ந்துபோனாலும், தாலி அந்த வேலிக்குள் ஏறியாக வேண்டும். புரோகிதரின் ஒரு கண் ஹோமத்தில் இருக்கும், இன்னொரு கண் சுவர்க் கடிகாரத்தில். அதே மண்டபத்தில் மறுநாள் நடக்கும் பாராட்டுக் கூட்டத்தின் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால் ‘மாலை 6 மணியளவில்’ என்றிருக்கும். அந்த ‘அளவில்’ என்ற ஒட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் சௌகரியமாகக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

நேரந்தவறாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நமக்கு அது ஒட்டவே இல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். நேரத்தைத் துல்லியமாக அளப்பது இந்த மண்ணில் பழைய சங்கதி. எல்லா ஊருக்கும் ஒரே மணி என்பதுதான் புதிது. அந்த ஒரே மணியும் லண்டனிலிருந்து கப்பலேறி வரவில்லை. நுங்கம்பாக்கத்தில் பிறந்து, 1870 தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் இந்திய ரயில்களை ஓட்டியது. அதற்குப் பெயர் ‘மதராஸ் நேரம்’.

அதற்கு முன்பு நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி, ஏழரை நாழிகை ஒரு சாமம், அறுபது நாழிகை ஒரு நாள். அடியில் சிறு துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், நீர் ஏறி அது மூழ்கும்போது ஒரு நாழிகை கணக்கு. முல்லைப்பாட்டில் போருக்குப் போன அரசனின் பாசறையிலேயே நீர்க் கடிகாரம் பார்த்துப் பொழுது சொல்லும் ஆட்கள் வருகிறார்கள். வேட்டி மடித்துக் கட்டிய சாதாரண ஆளுக்கு வட்டிலும் வேண்டாம், ஒரு துரும்பு போதும். பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பை ஒடித்து, அதை ‘ட’ போல மடக்கித் தரையில் வைக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியை அச்சாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்பது எத்தனை விரற்கடையோ, விடிந்து அத்தனை நாழிகை. பிற்பகல் என்றால் சூரியன் மறைய அத்தனை நாழிகை பாக்கி. பாதிக்குப் பாதி, எட்டும் எட்டுமாக மடிந்தால் விடிந்து மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். இன்றைய கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாலும் பெரிதாகப் பிசகாது. செலவு இல்லை, சாவி கொடுக்கவும் வேண்டாம், மேகம் மூடினால் மட்டும் நின்றுபோகும் கடிகாரம்.

‘நாழியாச்சு’ என்று எழுந்திருக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அளவை வழக்கொழிந்து நூறு வருஷமாகிவிட்டது, அவசரம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

ஒரு ஊரின் நேரத்தை இன்னொரு ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகூட இங்கே இருந்ததாகச் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு உச்சிக்கால நைவேத்தியம் ஆன பிறகுதான் இலையில் கை வைப்பாராம். நைவேத்தியம் ஆனது எழுபது எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அரண்மனைக்கு எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் நகரா வைத்திருந்தார்கள். கோயிலில் முரசு அதிர்ந்ததும் அடுத்த மண்டபத்துக்காரன் தட்டுவான், அதைக் கேட்டு அதற்கடுத்தவன். கட்டபொம்மனையும் திருச்செந்தூர் முருகனையும் வைத்து இதே கதையை நெல்லைச் சீமையில் மணியோசையாகச் சொல்வார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. மதுரையின் சாப்பாட்டு வேளையை ஸ்ரீவில்லிபுத்தூர் தீர்மானித்தது என்ற எண்ணமே கவனிக்கத் தக்கது. பிற்காலத்தில் தந்திக் கம்பி செய்த வேலையின் முன்னோட்டம் அது.

ஆனால் அது ராஜாவின் ஏற்பாடு. ஊருக்கு ஊர் உச்சிப்பொழுது வேறு. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு டிகிரி நகர நான்கு நிமிடம் எடுக்கும் என்பதால், சென்னையில் நடுப்பகல் ஆகிக் கிட்டத்தட்ட 13 நிமிடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் நடுப்பகல் வரும். இது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து கோவைக்கு மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போகிறவன் 13 நிமிடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? பிந்தி வந்தவனைத் திட்டலாம், ஆனால் எத்தனை நிமிடம் பிந்தினான் என்று சண்டை போட முடியாது. தமிழில் ‘தாமதம்’ என்ற சொல்லே தாமச குணத்திலிருந்து வந்தது. சோம்பலைச் சொன்ன சொல், பிறகு பிந்துவதைச் சொல்லும் சொல்லானது.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்தார். நட்சத்திரம் பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது. கம்பெனிக்கோ வேறு கவலை: சோழமண்டலக் கரையில் கப்பல்கள் தட்டிக்கொண்டிருந்தன. கரை எங்கே, பாறை எங்கே என்று வரைபடம் போட, தீர்க்கரேகை சரியாகத் தெரிய வேண்டும். தீர்க்கரேகை தெரிய வேண்டுமானால் நேரம் சரியாகத் தெரிய வேண்டும். பெட்ரியின் கருவிகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1792-இல் மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் நுங்கம்பாக்கத்தில் புதிய கூடம் எழுந்தது. தொலைநோக்கி ஆடாமல் நிற்பதற்காக நடுவில் பத்து டன் எடையில், 15 அடி உயரத்தில் ஒரு கருங்கல் தூண். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் என்று தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் வெட்டி வைத்தார்கள். இங்கிலீஷ் அழிந்தாலும் தமிழ் இருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இடமுண்டு. கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. பெட்ரியிடமிருந்து வந்த ஷெல்டன் கடிகாரம் கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

இந்தக் கூடத்தின் முதல் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். வியாழனின் நிலவுகள் மறைந்து வெளிப்படும் கணங்களை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்து, 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைச் சொன்னார். அதன்படி சென்னை, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. கடைசி நொடிகள் பிறகு திருத்தப்பட்டன. அதே 1802-இல்தான் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து இந்தியாவை அளக்கத் தொடங்கினார். நிலத்தை அளக்கும் வேலையும் நேரத்தை அளக்கும் வேலையும் ஒரே ஊரில், ஒரே வருஷத்தில் முளை அடித்தன.

கூடத்துக் கடிகாரத்தின் மணி கோட்டைக்குப் போகும், இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். ஊரில் கடிகாரம் வைத்திருந்த சிலர் முள்ளைத் திருத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் விளக்கைத் தணித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

வானாய்வுக் கூடத்தில் இரவெல்லாம் கண் விழித்தவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற பெயர் தனியாகச் சொல்ல வேண்டியது. கூடத்தின் அப்போதைய வானியலாளர் நார்மன் போக்சனின் உதவியாளராக இருந்த அவர், 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். நட்சத்திரம் நடுவானக் கோட்டைக் கடக்கும் கணத்தை நொடிப் பின்னத்தில் குறிப்பது அவருடைய அன்றாட வேலை. அப்படிப்பட்டவர் வீட்டுப் பஞ்சாங்கத்தைத் திறந்தால் சும்மா இருக்க முடியுமா? பழைய வாய்பாடுகளின்படி கணித்த திதிக்கும் வானத்தில் கண்ணால் கண்டதற்கும் இடைவெளி விழுந்துவிட்டதைப் பார்த்து, வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணித முறைக்காக அவர் வாதாடினார். 1880-இல் காலமானார். வழக்கு முடியவில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு கட்சி, திருக்கணிதம் ஒரு கட்சி என்று இன்றும் ஒரே திதிக்கு இரண்டு நேரம் அச்சாகிறது. கல்யாண வீட்டுக்கு எந்தக் கட்சி என்பதைக் குடும்ப ஜோசியர்தான் முடிவு செய்கிறார்.

ரயில் வந்ததும் விஷயம் முற்றிற்று. 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் வண்டி. 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி. ஒவ்வொரு கம்பெனியும் தன் தலைமை ஊரின் மணியை வைத்துக்கொண்டிருந்தவரை சமாளிக்க முடிந்தது. 1870 மார்ச்சில் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் கல்கத்தாவிலிருந்து வந்த தண்டவாளமும் ஜபல்பூரில் கைகோத்தன. இரண்டு ஊர் மணிக்கும் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வண்டி விடும்போது இந்த வித்தியாசம் உயிரைக் குடிக்கும். எந்த ஊர் மணியை வைத்துக்கொள்வது? கல்கத்தா மணி என்றால் பம்பாய்க்காரர்கள் முறைப்பார்கள், பம்பாய் மணி என்றால் கல்கத்தாக்காரர்கள். சென்னை மணி இரண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. கல்கத்தாவுக்கு 32 நிமிடம் பிந்தி, பம்பாய்க்கு 30 நிமிடம் முந்தி. பொழுதைச் சரியாகச் சொல்ல வானாய்வுக் கூடம் இருந்தது, தந்தியில் அனுப்பவும் வழி இருந்தது. பெரிய இரண்டு பங்காளிகள் சண்டையில் நடுவில் இருந்த மூன்றாமவனுக்குப் பட்டம் கிடைத்த கதை.

இதனால் பயணிகள் பட்ட பாடு தனி. டைம்டேபிளில் வண்டி 6 மணிக்கு என்றிருந்தால் அது மதராஸ் 6 மணி. பம்பாய்க்காரர் தன் ஊர் மணியை நம்பி 5.45-க்கு ஸ்டேஷனுக்கு வந்தால், வண்டி போய்க் கால் மணி ஆகியிருக்கும். கல்கத்தாக்காரர் தன் ஊர் மணிக்கு அவசரமாக 6-க்கு ஓடி வந்தால், இன்னும் அரை மணிக்கு மேல் பெட்டி மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இருவரும் தங்கள் ஊரில் நேரம் தவறாதவர்கள். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் ஒருவர் தாமதக்காரர், மற்றவர் அவசரக்குடுக்கை. சென்னைக்காரர் ஒருவர்தான் வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மணியில் வாழ்ந்தார்.

அதே புது ரயில்பாதையில்தான் ஜூல் வெர்ன் தன் கதாநாயகன் ஃபாகை எண்பது நாள் பந்தயத்தில் ஓடவிட்டார். ஃபாகின் வேலைக்காரன் லண்டன் மணி காட்டும் கடிகாரத்தை ஊருக்கேற்றபடி திருப்ப மாட்டேன் என்று நாவல் முழுக்க அடம்பிடிக்கிறான். அந்தக் காலத்து பம்பாய் அதைப் படித்திருந்தால் அவன் பக்கம்தான் நின்றிருக்கும்.

ஏனென்றால் பம்பாய் லேசில் மசியவில்லை. 1881-இல் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன் அரசு அலுவலகங்களில் மதராஸ் நேரத்தைப் புகுத்தினார். எதிர்ப்பு கிளம்பி, இரண்டு வருஷத்தில் அது கைவிடப்பட்டது. தங்கள் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தை எங்கோ ஒரு தெற்கத்திய ஊர் தீர்மானிப்பதா என்ற கேள்வியில் ஊர்ப்பெருமையும் இருந்தது, கொஞ்சம் நியாயமும் இருந்தது.

1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சை உலகத்தின் தொடக்கக் கோடாக ஏற்றது. அதன்பின் கிரீன்விச்சிலிருந்து முழு மணி அல்லது அரை மணி தள்ளி நிற்பதே நாகரிகம் என்றானது. 5 மணி 21 நிமிடம் என்ற கணக்கு எந்த அட்டவணையிலும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. 1899-இல் நுங்கம்பாக்கத்தின் வானியல் வேலைகள் கொடைக்கானலுக்கு ஏறிவிட்டன. 1905 ஜூலையில் ரயிலும் தந்தியும் ஐந்தரை மணிக் கணக்குக்கு மாறின. 1906 ஜனவரி 1 முதல் அதுவே இந்தியாவின் பொது நேரம். சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் நகர்ந்தன, அவ்வளவுதான். பம்பாய்க்கு 39 நிமிடம். அந்த ஜனவரியிலேயே பம்பாய் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆலை மணி 39 நிமிடம் முந்தினால், அவர்கள் இருட்டில் எழுந்து 39 நிமிடம் முன்னதாகவே வேலைக்கு நிற்க வேண்டும். சூரியனை யாரும் முந்தி எழுப்பவில்லையே! வங்கப் பிரிவினையின் சூடு ஆறாத நேரம், சர்க்கார் மணி என்றாலே சந்தேகம். பம்பாய்த் தலைவர் பெரோஸ்ஷா மேத்தா, மக்களைக் கேட்டீர்களா என்று வாதாடினார். கல்கத்தா தன் மணியை 1948 வரையும், பம்பாயில் நகராட்சி தன் மணியை 1955 வரையும் விடவில்லை. சுதந்திரம் வந்து எட்டு வருஷம் கழிந்தும் பம்பாயில் இரண்டு நேரம் ஓடியது.

தமிழ்நாட்டில் ஒரே மணியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது சங்கு. கோயில் சங்கைச் சொல்லவில்லை, மில் சங்கு. பெரம்பூரில் பின்னியின் பக்கிங்ஹாம் ஆலை 1876-லும் கர்நாடிக் ஆலை 1881-லும் வந்தன. மதுரையில் ஹார்வி மில், கோவையில் ஸ்டேன்ஸ் மில். ‘முதல் சங்கு ஊதியாச்சு’ என்றால் அடுப்பில் உலை ஏற வேண்டும், இரண்டாம் சங்குக்குள் தூக்குச்சட்டியோடு கேட்டுக்குள் நிற்க வேண்டும். கடிகாரமே இல்லாத வீடுகளுக்கு இந்தக் கணக்குப் பழகிவிட்டது. பிந்தினால் கூலியில் கைவைப்பார்கள் என்பதால் பழகியாக வேண்டியிருந்தது. ரயில் பிந்தினால் பயணி காத்திருப்பார். தொழிலாளி பிந்தினால் மில் காத்திருக்காது. நேரந்தவறாமை என்ற குணத்துக்கு முதன்முதலாக விலை ஒட்டப்பட்டது அந்த கேட்டில்தான்.

விலை வந்தால் பேரமும் வரும். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. பின்னே நின்ற தொழிலாளர்கள் கூலி உயர்வோடு வாராந்தர விடுமுறையும் கேட்டார்கள். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. உடனிருக்க, பெரம்பூர்த் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அவர்கள் முன்வைத்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, கூட்டத்தில் இடம் பிடித்து, தூக்கைத் திறந்து, உண்டு, ஓடி வர அரை மணி. நிமிடக் கணக்கை முதலாளியிடம் கற்றவர்கள் அதே கணக்கில் அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். சங்கு ஊதிய இடத்தில் சங்கம் என்று அந்தக் காலத்தில் யாராவது சிலேடை சொல்லியிருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

யாருடைய மணி என்ற கேள்வி கடல் தாண்டி ஈழத்தில் இன்னும் கூர்மையாக எழுந்தது. 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்தியாவோடு ஒத்த பழைய நேரமே நீடித்தது. போர்நிறுத்தக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து வன்னிக்குள் போனவருக்குக் கைக்கடிகாரம் அரை மணி பின்னுக்குப் போனது. வவுனியா திரும்பினால் அரை மணி முன்னுக்கு. பத்து மணிக்குச் சந்திப்போம் என்றால் பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுத் தெளிய வேண்டும். 2006 ஏப்ரலில் கொழும்பு மறுபடி ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. பத்து வருஷம் நகராமல் நின்றவர்களின் கடிகாரம், நகர்ந்து திரும்பியவர்களின் கடிகாரத்தோடு ஒன்றானது. சமாதானம்தான் ஒன்றாகவில்லை.

சென்னையில் 1906-இல் நகர்ந்த அந்த ஒன்பது நிமிடம் எங்கே போனது? சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் அது ஒளிந்திருக்கிறது. திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9. காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6-க்கு மறைவதாக வைத்துக்கொண்டு, பகலை எட்டுக் கூறாக்கிப் போட்ட கணக்கு அது. ராகு பின்பற்றுவது உள்ளூர்ச் சூரியனை. கடிகாரம் பின்பற்றுவது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே ஓடும் 82½ டிகிரிக் கோட்டை. இரண்டுக்கும் சராசரியாகச் சென்னையில் ஒன்பது நிமிடம் வித்தியாசம், திருச்சியில் பதினைந்து, கோவையில் இருபத்திரண்டு. திங்கட்கிழமை காலை கோவையில் புதுக் கடைக்காரர் ஒருவர், ஷட்டரில் கை வைத்தபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முள் 9-ஐத் தொட்டதும், ஒரு நொடி பிசகாமல், ஷட்டரைத் தூக்கித் தேங்காய் உடைக்கிறார். அவர் ஊர்ச் சூரியனுக்கு அப்போது மணி 8.38.